கேபிள்தான் போச்சு

அவனை எல்லோரும் 'பிங்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு 'பிங்' தட்டி, பதில் வருகிறதா என்று பார்ப்பான். பன்னிரண்டு வருடத் தொழில். கோளாறை மாற்றிச் சொன்னான் என்று யாரும் அவனைக் குறை சொன்னது கிடையாது.

அன்று அவனைக் கூப்பிட்டது ஒரு தங்கச்சி. அவளும் அண்ணனும், படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவும் இருக்கும் வீடு. இணைய இணைப்பு அண்ணனின் கணினிக்கு வரும். அங்கிருந்து ஒரு கேபிள் வழியாக உள்ளறையில் இருக்கும் அவளுடைய கணினிக்குப் போகும். செல்போனில் இணையம் வராத காலம். பதினோரு மணிக்கு அவளுக்கு வெளியூர் வேலைக்கான தேர்வு, கணினியிலேயே. பத்து நிமிஷத்துக்குள் நுழையாவிட்டால் அவ்வளவுதான். மணி பத்தே முக்கால்.

"அண்ணா, எப்படியாவது பார்த்து விடுங்க. இதை விட்டா எனக்கு வேற வழியில்லை" என்றாள்.

அவள் கணினியில் உட்கார்ந்து பிங் தட்டினான். அண்ணனின் கணினியிலிருந்து நான்கு பதில்கள் டக் டக்கென்று வந்து விழுந்தன. கேபிள் கல்லு மாதிரி இருந்தது. அதைத் தாண்டி வெளியேதான் எதுவும் போகவில்லை. முன்னறைக்குப் போய் அண்ணனின் கணினியைத் திறந்து பார்த்தான். இணைப்பை அடுத்த கணினிக்குப் பகிரும் கட்டத்தில் இருந்த டிக்கை யாரோ எடுத்திருந்தார்கள். தானாகப் போகிற டிக் இல்லை அது.

திரும்பப் போடப் போனான். அண்ணன் அவன் கையைப் பிடித்தார்.

"அவ போயிட்டா அப்பாவுக்கு யாரு பீ மூத்திரம் அள்ளுறது? நீ வர்றியா?" குரல் ரகசியமாக இருந்தது. "எங்க ஆபீஸ் மெஷின் எல்லாத்தையும் நீதானே பார்க்கிறே? இனிமேலும் நீயே பாரு. இப்ப போய் கேபிள் போச்சுன்னு சொல்லு."

பிங்கு உள்ளே போனான். "கேபிள்தான் போச்சும்மா."

அவள் திரையைக் காட்டினாள். "நாலு பதில் வந்திருக்கே! போன கேபிள்ல எப்படிண்ணா வரும்?"

"அது... பழைய பதில்மா."

சொன்னவனுக்கே நாக்கு கூசியது.

"பையில வேற கேபிள் இருக்கா?"

"இல்லைம்மா." இரண்டு இருந்தன.

அவள் முன்னறைக்கு ஓடினாள். "அண்ணா, ஒரே ஒரு மணி நேரம் உன் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்துக்கட்டுமா?"

"ஆபீஸ் வேலை ஓடுதும்மா. முன்னாடியே சொல்லியிருந்தா எந்திரிச்சிருக்க மாட்டேனா?" திரையில் சீட்டாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தன் கணினிக்கே திரும்பினாள். பதினொன்று பத்து ஆனதும், முன்னறைக்கு வந்திருந்த பிங்குவின் பக்கம் அண்ணன் மவுஸைத் தள்ளினார். "இப்ப போட்டு விடு. பாவம், பாட்டாவது கேட்கட்டும்."

டிக் விழுந்தது. திறந்திருந்த கதவு வழியே அவள் திரை தெரிந்தது. பக்கம் பளிச்சென்று வந்தது: நேரம் முடிந்தது.

அவள் எழுந்து வந்து உள்ளறை வாசற்படியில் நின்றாள். "கேபிள் பிழைச்சிடுச்சாண்ணா?"

எந்த அண்ணனைக் கேட்டாள் என்று தெரியவில்லை. பிங்கு வாயைத் திறப்பதற்குள் கூடப்பிறந்தவர் முந்திக்கொண்டார்.

"கைராசிக்காரர்மா! போய் அவருக்கு ஒரு டீ போட்டுக் கொண்டு வா."

போட்டுக் கொண்டு வந்தாள். பிங்கு கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.