பூஜ்யம் காட்டிய பெட்டி

நேற்று பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் ரிப்பேர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் என் போனைப் பிரித்து, அறுந்த இடத்தில் ஈயத்தை உருக்கி வைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் என் முதல் வேலை ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கு மல்லிகை, மழை மண் என்று ஏதாவது நல்ல வாசனையாக நினைவு வரும். எனக்கு வாய்த்தது ஈயப் புகை. என்ன செய்ய?

படிப்பு முடிந்ததும் நசரத்பேட்டைப் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் தெருவில் கிடங்குகளுக்கு வேலைக்குப் போகாத முதல் பெண் நான்தான் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னோடு சேர்ந்தவள் சுகந்தி. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அவள் புரோகிராம் எழுதுவாள், நான் கம்பியும் பெட்டியும். அவளுக்கு ஈயம் வைத்தால் கை நடுங்கும், எனக்கு கம்ப்யூட்டர் திட்டினால் அழுகை வரும். ஆக, இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு இன்ஜினியர்.

நாங்கள் செய்தது தண்ணீர் மட்டம் அளக்கும் பெட்டி. செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தாங்கல் இருந்தது. தாங்கல் என்றால் எங்கள் பக்கத்தில் சின்ன ஏரி. அதில் இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் பெட்டியைக் கட்டினோம். எத்தனை அடி தண்ணீர் என்பதை அது மணிக்கொரு தரம் லேபுக்கு அனுப்பும். முதல் நாள் திரையில் எண் வந்தபோது சுகந்தி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன், என் எடைக்கு மேஜை ஆடியது.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்கள் பார்க்க வரும் நாளில், கருவி காலை வாரிவிட்டால் திரை காலியாக நிற்கக் கூடாதென்று முன்கூட்டியே பொய்க் கணக்கு ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள். ‘டம்மி’ என்போம். எல்லோரும் செய்தார்கள், யாரும் அதைப் பாவமாக நினைக்கவில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடுதான். டம்மி ஓடினால் திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும், கூட்டாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய மூன்று பேர் வரப்போகிறார்கள் என்றார்கள். அறிக்கை எழுதுவதற்காக நான் அந்த வாரம் முழுக்க ஆவடியில் சுகந்தி வீட்டிலேயே தங்கிவிட்டேன், இரண்டு பேரும் திரைப் பக்கமே போகவில்லை. அவர்கள் வந்த அன்று காலை நான் கேன்டீனுக்குப் போய் போண்டா வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது திரையில் எண்கள் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. சிவப்புப் புள்ளி இல்லை. நான் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினேன். நாலரை அடி, ஏறுமுகம், பெட்டியின் துல்லியம் அப்படி இப்படி என்று. இப்போது நினைத்தாலும் கூச்சத்தில் காது சூடாகிறது.

அவர்களில் ஒருவர், பக்கத்தில்தானே இருக்கிறது, பார்த்துவிட்டே போகலாம் என்றார். வேனில் போனோம். தாங்கலில் தண்ணீரே இல்லை. எங்கள் கம்பம் வெடித்த சேற்றில் தனியாக நின்றது. அந்த நேரம் பார்த்து அம்மா கரையில் வந்தாள்.

“தண்ணி போயி நாலு நாளாச்சும்மா. மீனு புடிக்கிறதுக்கு மதகத் தொறந்து உட்டாங்க. நீ ஊட்டாண்ட வந்தாத்தானே தெரியும்?”

யாருடைய கணக்கு இது என்று வந்தவர் கேட்டார். நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“இது இவங்க ஊரு சார். ரீடிங் எல்லாம் இவங்கதான் பாத்தாங்க.”

மூன்று வருஷமாக என்னை வாடி போடி என்றவள். அந்த ‘இவங்க’தான் எனக்கு முதலில் வலித்தது. வேனில் திரும்பும்போது, அவளுக்குக் குமட்டுமே என்று பழக்கத்தில் ஜன்னலோரத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அவளும் வந்து அங்கேயே உட்கார்ந்தாள்.

லேபுக்கு வந்ததும் உண்மையான பதிவைத் திறந்தேன். என் பெட்டி ஒரு தப்பும் செய்யவில்லை. மதகு திறந்த நாளிலிருந்து மணிக்கு மணி இறங்கி, சுத்தமாகப் பூஜ்யம் காட்டியிருந்தது. பூஜ்யத்தைப் பார்த்த சுகந்தி கம்பி அறுந்துவிட்டதென்று நினைத்து, நான் போண்டா வாங்கப் போன நேரத்தில் டம்மியை ஓடவிட்டிருக்கிறாள். அந்த நேரமும் அதில் பதிவாகியிருந்தது. அச்செடுத்து எங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தெரியும்மா. தப்பு ஒருத்தர் பேர்ல போச்சுன்னா ப்ராஜெக்ட் பொழச்சுக்கும். நீ வேற எடம் பாத்துக்கோ.”

சுகந்தி இருந்தாள், நான் போனேன். எட்டு மாதம் கழித்து அவளிடமிருந்து போன். இப்போது செய்யும் பெட்டிகளுக்குள் தண்ணீர் இறங்குகிறதாம், நான் மூடிக்குள் என்ன வைத்தேன் என்று கேட்டாள். சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி, கிரீஸ் தடவி, திருகுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும் என்று பத்து நிமிஷம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தினேன், அவள் ஏதாவது சொல்வாள் என்று. தேங்க்ஸ் சொல்லி வைத்துவிட்டாள்.

தாங்கலைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். லேப் இருந்த இடத்தில் இப்போது மாணவர் சேர்க்கை அலுவலகம். அவை போனதில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. இன்று சுகந்தி கூப்பிட்டுக் கேட்டால் மறந்துபோச்சு என்று சொல்லி வைத்துவிடுவேன். அப்படிச் சொல்லத் தெரியாமல், காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தாளே, நானாக இருந்த அந்தப் பெண்ணைத்தான் அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை.