கிளிப்பச்சை

தேவசேனாவின் கையைப் பார்த்தாலே ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் அந்த வாரம் எந்த நிறப் புடவை தறியில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். நூலுக்குச் சாயம் போடுகிறவள். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் மணிக்கட்டு வரை அரக்குச் சிவப்பு, இல்லாவிட்டால் மயில் நீலம். "கையுறை போட்டுக்கோயேன்டி" என்றால் சிரிப்பாள். "அத மாட்டிக்கினா நூலு பதம் தெரியலக்கா" என்பாள். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது சாயக் கொப்பரை. கொப்பரைக்குத் தண்ணீர் கொடுத்தது கொல்லையில் இருந்த போர்க் கிணறு.

மழை ஏமாற்றியதில் எங்கள் தெருப் போர்கள் ஒவ்வொன்றாகக் காற்றை ஊத ஆரம்பித்தன. முனிசிபாலிட்டித் தண்ணீர் வந்தால் உண்டு. தேவசேனாவின் போர் மட்டும் சுண்டுவிரல் கனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே அங்கேதான் குடம் வைத்தது. எதிர்வீட்டுக்காரி நானும்தான். "உன் தண்ணில பருப்பு வெந்தா ருசியே தனிடி" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்த வாயை இப்போது எதைப் போட்டுக் கழுவுவது?

அவளுடைய பக்கத்து வீடு வேதாச்சலம் அண்ணன். பவர்லூம் வைத்திருப்பவர். அவருடைய போர் சுத்தமாக வறண்டுவிட்டது. திருப்பதியிலிருந்து ஹரிபிரசாத் என்று ஒருவரை மிஷின் லாரியோடு கூட்டி வந்தார். வறண்ட போரின் வாயை அடைத்து, உள்ளே தண்ணீரை அசுர வேகத்தில் செலுத்தினால் பாறையில் மூடிக்கிடக்கும் கீறல்கள் திறந்து ஊற்று வருமாம். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீரை உள்ளே விட வேண்டுமாம்! என்ன கணக்கோ, எனக்குத் தலை சுற்றியது.

அந்தப் பஞ்சத்தில் டேங்கர் ஒன்றுதான் கிடைத்தது. மீதித் தண்ணீருக்கு வேதாச்சலம் அண்ணன் தேவசேனா வாசலில் வந்து நின்றார். அவளும் மோட்டாரைப் போட்டு ஓஸ் பைப்பை நீட்டிவிட்டாள்.

"அறிவு கீதாடி உனக்கு? இருக்கிற தண்ணியையும் பாறைக்குள்ள ஊத்துறியே!" என்று கத்தினேன்.

"தண்ணின்னு கேட்டா இல்லன்னு சொல்றதாக்கா?" என்றாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாமே, அதுதான் ஞாபகம் வந்தது.

மிஷின் உறுமியது. என் அலமாரியில் பாத்திரங்கள் கிடுகிடுத்தன. சாயங்காலம் அண்ணன் போரில் தண்ணீர் வந்தேவிட்டது! தெருவில் தேங்காய் உடைத்தோம். தேவசேனாவும் ஒன்று உடைத்தாள். ஆனால் வந்த தண்ணீர் சிவப்பு.

"மொதல்ல எர்ரமண்ணு வரும் அம்மா, தர்வாத்த க்ளியர்" என்று, முதலில் செம்மண் வரும், பிறகு தெளியும் என்பதைத் தெலுங்கு கலந்து சொல்லிவிட்டு ஹரிபிரசாத் கிளம்பிப்போனார்.

தெரு சும்மா இருக்குமா? தேவசேனாவின் சாயக்கழிவு போகிற குழி, இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரை ஒட்டி இருக்கிறது. அந்த வாரம் அவள் போட்டது அரக்குச் சிவப்பு. "கீறலு குழிக்கே தொறந்துக்கினு இருந்தா?" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒரு சொம்பில் பிடித்து வைத்துப் பார்த்தோம். அடியில் செம்மண் படிந்தது. மேலே நின்றது தெளிவா, லேசான சிவப்பா? என் கண்ணுக்கு ஒன்று, அவள் கண்ணுக்கு வேறொன்று.

அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "கொழந்தைங்க குடிக்கிற தண்ணிக்கா. என் சாயம்னா தொழில மூடிடுவேன்" என்றாள். பிறகு ஒரு யோசனை செய்தாள். கிளிப்பச்சை போடுவது. இந்தச் சீமையில் எந்த மண்ணுக்கும் அந்த நிறம் கிடையாது.

"சும்மா கெடக்கிற சங்க ஊதிக் கெடுக்காத" என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! பச்சையைக் காய்ச்சி, கழிவைக் குழியில் கொட்டிவிட்டு, தினமும் காலையில் அண்ணன் வீட்டுக் குழாயடியில் போய் நின்றாள்.

சிவப்பு வெளுத்தது. பிறகு கண்ணாடி மாதிரித் தெளிந்தது. பச்சை வரவே இல்லை! நான் அவளைக் கட்டிக்கொண்டேன். "சொன்னேனா இல்லையா? வெறும் மண்ணுடி!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு குடம் பிடித்துத் தருகிறேன் என்று தன் மோட்டாரைப் போட்டாள்.

எவர்சில்வர் குடத்தில் விழுந்த தண்ணீர் இளம்பச்சையாக இருந்தது.

மிஷின் திறந்த கீறலா? அப்படியானால் அண்ணன் போருக்கு வராதது இவள் போருக்கு எப்படி வந்தது? போனில் ஹரிபிரசாத், "எங்க மிஷினுக்கு சம்பந்தமே லேது, முன்னாடியே இருந்திருக்கும்" என்றார். முன்னாடியே என்றால், நான் மெச்சிக் குடித்த அந்த ருசி எது? யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கொப்பரையைக் கவிழ்த்துவிட்டு, தேவசேனா காலிக் குடத்தோடு அண்ணன் வீட்டுக்குத் தண்ணீர் கேட்டுப் போனாள். நானும் கூடப் போனேன்.

"இதுக்கு இன்னாத்துக்குமா கூச்சம்? நீ குடுத்த தண்ணி தானே உள்ள போயி இப்ப வெளிய வர்து? உரிமையா புடிச்சிக்கோ" என்றார் வேதாச்சலம் அண்ணன்.

தேவசேனா குடத்தை வைத்தாள். பச்சைக் கை குழாயின் மேலேயே இருந்தது, அதைத் திறக்கவில்லை.

"அதான்ணா எனக்குப் பயமே" என்றாள்.