தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

எதிர் ஃபிளாட்டில் ஒரு குட்டிப் பெண் இருக்கிறாள். போன வாரம் லிஃப்ட் வாசலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். என்னடி என்றால், அண்ணன்காரன் சொல்லிவிட்டானாம், "உன்னத் தவுட்டுக்குத்தான் வாங்கினாங்க" என்று. நம் எல்லோரையும் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லி அழவிட்டிருப்பார்கள். கண்ணைத் துடைத்துவிட்டால், "தவுடுன்னா என்ன பாட்டி?" என்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏனென்றால் நான் நிஜமாகவே ஒரு பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கியவள்.

தவிடு என்றாலே எனக்குப் பினாயில் வாசனைதான் வரும். காரணம் இருக்கிறது. நான் நர்ஸாகச் சேர்ந்த தர்ம ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குப் பின்னாலேயே மாட்டுக் கொட்டகை. பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் வேண்டுமே என்று டிரஸ்ட்காரர்கள் இரண்டு பசு வைத்திருந்தார்கள். அந்த டிரஸ்டுக்குத் திண்டிவனத்தில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரி, விழுப்புரத்தில் ஒன்று, மரக்காணம் பக்கம் சின்னதாக ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே வேன். இன்று இங்கே தூங்கினால் நாளை எங்கே தூங்குவோம் என்பது அந்த வேன் டிரைவருக்குத்தான் தெரியும். டிரங்குப் பெட்டியை நான் முழுசாகப் பிரித்ததே கிடையாது.

ஐம்பதுகளின் கடைசி. மரக்காணம் ரோட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து செங்கேணி என்று ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். அதற்கு முன் மூன்று பெற்று மூன்றும் வீட்டிலேயே, தீட்டுக் கழிவதற்குள் போய்விட்டன. நான்காவதாவது தங்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. எலிக்குஞ்சு போல இருந்தது, ஆனால் நல்ல குரல். கொண்டுபோய்ப் பக்கத்தில் விட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கினு போங்கம்மா. நான் தொட்டதெல்லாம் மண்ணுக்குத்தான் போச்சி. இதையும் எம் புள்ளன்னு தூக்கினா பூடும்."

பால் கட்டி ரவிக்கை நனைந்து கிடக்கிறது. குழந்தை பசியில் கத்துகிறது. இவள் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். நானும் பாலாடையில் பசும்பாலைத் தண்ணீர் கலந்து புகட்டிப் பார்த்தேன். குடித்ததில் பாதி வெளியே வந்தது. சாயங்காலம் ஆக ஆகக் குரல் தேய ஆரம்பித்தது.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?" என்று சிடுசிடுத்தேன். என் சிடுசிடுப்பு மூன்று ஆஸ்பத்திரியிலும் பிரசித்தம்.

"நீங்க வாங்கிக்கங்கம்மா. தவுடு குடுத்து வாங்கிக்கினா ஒங்க புள்ள ஆயிடும். ஒங்க மூஞ்சப் பாத்தா எமன் கூட கிட்ட வர மாட்டான்."

பிள்ளை தங்காத வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அடுத்துப் பிறந்ததை யாருக்காவது தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வேறு யாருடையதோ என்று விதி ஏமாந்து விட்டுவிடுமாம். பிறகு ஒருநாள் வாங்கினவருக்கே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். எங்கள் டாக்டரம்மாவுக்கு இந்த மாதிரி சமாசாரம் காதில் விழுந்தாலே ஆகாது. தாயத்தோடு வருகிற பெண்களை வாசலிலேயே நிறுத்தி அவிழ்க்கச் சொல்வார்கள்.

என்ன செய்ய? கொட்டகைக்குப் போனேன். முறத்தோடு வார்டுக்குள் வந்தால் வேலை போய்விடும். கிட்னி டிரேயில் தவிட்டை அள்ளி, மேலே சுத்தமான துணி போட்டு மூடி, ஊசி போடப் போகிற தோரணையில் கொண்டுவந்தேன். செங்கேணி முந்தானையை ஏந்தி வாங்கி முடிந்துகொண்டாள். விற்ற பிள்ளைக்குக் குப்பு என்று அவளே பேரும் வைத்தாள்.

"எம் புள்ள பசியில அழுவுது. கொஞ்சம் பால் குடுக்கிறியா?" என்று கேட்டேன்.

"குடுங்கம்மா. ஒங்க புள்ளதானே" என்று இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அப்படி ஒரு ஆசையோடு யாரும் பிள்ளையை வாங்கி நான் பார்த்ததில்லை.

காலையில் ரவுண்ட்ஸ். "இது யார் குழந்தை?" என்றார்கள் டாக்டரம்மா.

"நர்சம்மாவுதுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். படுக்கையில் சிந்தியிருந்த தவிட்டைப் பார்த்தார்கள். "சிஸ்டர், உங்க குழந்தைக்கு வெயிட் பத்தலை. இந்தம்மாவை அடிக்கடி பால் குடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

குப்பு பிழைத்தாள். மாதாமாதம் செங்கேணி மடியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் இடுப்பில் பிள்ளையுமாக வருவாள். "ஒங்க புள்ளயப் பாருங்க, ஒங்கள மாதிரியே மொறைக்குது" என்பாள். "எப்போடி மீட்டுக்கப் போற?" என்று கேட்டால், "அஞ்சு வயசு முடியட்டும்மா. அதுவரிக்கும் மவளேன்னு வாய் தொறக்க மாட்டேன். அன்னிக்கு ஆச தீரக் கூப்பிட்டுக்கிறேன்" என்பாள்.

குப்பு நடக்க ஆரம்பித்த சமயம் வேன் வந்து என்னை விழுப்புரத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது. அங்கே இருக்கும்போதே கல்யாணம். அவருக்கு வடக்கே ரயில்வே உத்தியோகம். ஊர் ஊராகச் சுற்றி, அவர் ரிட்டயர் ஆன பிறகுதான் திண்டிவனம் பக்கம் வர முடிந்தது. பிரசவ வார்டு இருந்த இடத்தில் டயர் கடை. கொட்டகை, வேன், டிரஸ்ட் எதுவுமே இல்லை. மனசு கேட்காமல் மரக்காணம் பஸ் ஏறிச் செங்கேணி வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன்.

செங்கேணியின் முகத்தோடு ஒரு பெண் வெளியே வந்தாள். நான் யாரென்று சொன்னதும் உள்ளே திரும்பித் தன் பிள்ளைகளிடம், "ஏய், என்னத் தவுட்டுக்கு வாங்கின அம்மா வந்துகிறாங்க" என்றாள்.

செங்கேணி முந்தின வருஷம்தான் தவறிப்போயிருந்தாள்.

"அஞ்சு வயசு முடிஞ்சதும் அம்மா என்ன இட்டுக்கினு திண்டிவனம் போச்சிங்க. விழுப்புரத்துக்கும் போச்சி. நீங்க வடக்க பூட்டீங்கன்னாங்க. அங்க ஒரு நர்சம்மா, தவுட்ட நான் வாங்கிக்கிறேன் குடுன்னு கூட கேட்டாங்க. அம்மா ஒத்துக்கல. வாங்கினவங்கதான் குடுக்கணும்னு திரும்பி வந்திருச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. கடைசி வரிக்கும் குப்புன்னுதான் கூப்புடும். எங் கல்யாணத்துல தார வாக்கக் கூட மணையில ஒக்காரல. பெரியம்மாதான் ஒக்காந்தாங்க. எங்கம்மா பந்தக்காலப் புடிச்சிக்கினு நின்னுச்சி."

விதியை ஏமாற்றியது போதும் என்று அவளுக்குச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். நானோ எங்கேயோ ரயில்வே குவார்ட்டர்ஸில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பேன். இன்று அந்தப் பக்கம் யாரும் பிள்ளையை விற்பதில்லை. முண்டியம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியே வந்துவிட்டது. அந்தப் பயம் ஒழிந்தது, நல்லதுதான். ஆனால் செங்கேணியை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிளம்பும்போது குப்பு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குடுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கம்மா" என்றாள்.

"குடுத்துட்டேன். உங்கம்மா மவதான் நீ" என்றேன். அவளை மவளே என்று கூப்பிடத்தான் ஆள் இல்லை.