நான் திறந்து காட்டிய ஃபோல்டர்

எர்லாங் என்ற கணினி மொழியை ஓய்வுபெற்ற பிறகு கற்றுக்கொண்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவான மொழி. அங்கே வேலை பார்த்தவன் என்ற வீறாப்பு எனக்கு. அதிலேயே சின்ன வெப் சர்வர் ஒன்று இருக்கிறது. எந்த போர்ட் எண் வழியாக, எந்த ஃபோல்டர் என்று நாலு வரி எழுதி ஓடவிட்டால், வீட்டு வைஃபையில் இருக்கும் எந்த போனிலும் அந்த ஃபோல்டரைப் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டுத் தம்பதியோடு தளவானூர் குகைக்கோயிலுக்குப் போனபோது எடுத்த படங்களை அப்படிக் காட்ட நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்தேன். அவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். அந்த அம்மாள் வாசலில் இட்லிக்கடை போட்டிருந்தவர். யாரோ எழுதிய மொட்டைக் கடிதத்தால், அதிகாரிகள் வந்து, கடை இருப்பது புறம்போக்கு என்று அளந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டு அருகே ஓர் ஓட்டலில் மாவரைக்கிறார்.

"வாட்சப்ல அனுப்பறத வுட்டுட்டு, இன்னா சார் இவ்ளோ வேல?" என்று கண்டக்டர் சிரித்தார்.

கடைசி வரியைத் தட்டினேன். ஓகே என்று வந்தது. அந்த அம்மாளின் போனில் முகவரியை அடித்துக் கொடுத்தேன். படங்கள் வரவில்லை; கோப்புகளின் பட்டியல் வந்தது. படங்கள் இருந்த உள் ஃபோல்டரைக் குறிக்காமல், என் கடிதங்களும் கிடக்கும் வெளி ஃபோல்டரைக் குறித்திருந்தேன். முகப்புப் பக்கம் இல்லாததால் சர்வர் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டியது.

"இட்லிக்கடை புகார்னு இருக்குதே, எங்க கடையாண்ணா?" என்றபடியே அதைத் தொட்டுவிட்டார்.

எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். அடுப்புப் புகையால் முதியவர்கள் மூச்சுவிட முடியவில்லை என்ற வரியில் நிறுத்தினார். என் படிக்கும் அறைக்குள் புகை வந்தது என்பதைத் தவிர அந்தக் கடிதத்துக்கு வேறு காரணம் இல்லை. கடையை எடுத்த அந்த வாரமே கண்டக்டர் என்னிடம் வந்து, "நீங்க படிச்சவரு, எவன் எழுதியிருப்பான்னு சொல்லுங்க சார்" என்று கேட்டார். தெரியவில்லையே என்று சொல்லிக் காபி கொடுத்தேன்.

இப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடுப்ப அந்தாண்ட திருப்பியிருப்பேனே" என்றார் அந்த அம்மாள். நான் கொடுத்திருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு இருவரும் போனார்கள்.

சர்வரை நிறுத்தினேன். அதற்கும் ஓகே என்றுதான் வந்தது. கடையை அதே இடத்தில் வைக்க எனக்கு ஆட்சேபம் இல்லை என்று, இந்தமுறை கையெழுத்துப் போட்டு அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை அவர்களிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அவர்கள் வாசல் பத்தடி தூரம். இன்னும் போகவில்லை.