சுறா மிஸ்

செத்த சுறாவின் மேலுதட்டைப் பெருவிரலால் உயர்த்திப் பல்லைப் பார்க்கும்போது, மிஸ் தன்னையறியாமல் தன் வாயையும் கொஞ்சம் திறப்பார். பிள்ளைக்குச் சோறு ஊட்டும் தாய்மார் செய்வார்களே, அதைப் போல. எங்கள் கற்பிட்டித் துறையில் மீன் வெட்டுகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அவர் மேல் பிரியம் வந்தது அந்தத் திறந்த வாயைப் பார்த்துத்தான்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் கரைக்கு என்னென்ன சுறாக்கள் வந்து இறங்குகின்றன என்று பார்க்க ஓர் ஆய்வுக்காக அவர் வந்தார். சொந்த ஊர் யாழ்ப்பாணம். என் கணவர் கட்டாரில் இருந்தார், பிள்ளைகளும் இல்லை. முன் அறையை அவருக்கு வாடகைக்குக் கொடுத்தேன். அந்தக் கிழமையே அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கும் வேலையையும் அவர் எனக்குத் தந்துவிட்டார். எல்லாமே ஒரே சுறாவாகத் தெரிந்த எனக்கு, மெல்ல மெல்ல அவற்றின் முகங்கள் தெரியத் தொடங்கின. சுத்தியல் போலத் தலையுள்ள கொம்பன் சுறாவின் நெற்றி நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீந்தும் செட்டைகளின் நுனி கறுத்த சுறாக்கள் இரண்டு வகை உண்டு. வாலுக்குக் கிட்ட, அடிப்பக்கத்துச் செட்டையும் கறுத்திருந்தால் அது ஒரு வகை, வெளுத்திருந்தால் மற்றது. தலையையும் செட்டைகளையும் வெட்டிய வெறும் உடல்கள் வரும் நாட்களில் மிஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். "இதைப் பார்த்து ஆளைச் சொல் எண்டால் நான் எங்கை போறது?" என்பார்.

நீள்வால் சுறாவைப் பிடிப்பதைச் சட்டம் தடுத்திருந்தது. உடம்பளவு நீளத்துக்கு வால் உள்ள சுறா அது. ஒரு நாள் காலை அப்படியொன்று கரையில் கிடந்தது, மிஸ் அதைப் படம் எடுத்தார். அன்று பின்னேரமே அதைக் கொண்டுவந்த படகுக்காரரை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர், எங்கள் பகுதியில் கரைவலையும் ஆட்களும் வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டியின் தம்பி. அடுத்த நாள் நாங்கள் துறைக்குப் போனபோது சுறாக்கள் எல்லாம் சாக்கால் மூடிக் கிடந்தன. சம்மாட்டி எங்களை மறித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒங்கட ஆக்கள் எங்கள வடக்கிலயிருந்து கெளப்பினாங்க. இப்ப நீங்க இங்க வந்து எங்கட தொழிலக் கெளப்பப் பாக்கிறீங்களா?"

மிஸ் நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

அன்று சோறு போடும்போது, அதிகாரிகளுக்குச் சொன்னது நீங்களா என்று நான் நேராகவே கேட்டேன். "நான் சொல்லேல்லை," என்றார். "ஆனா அதைப் போய்ச் சொன்னால் ஆர் நம்புவினம்?" கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "உங்கடை சனத்தை யாழ்ப்பாணத்திலையிருந்து அனுப்பேக்கை நான் சின்னப்பிள்ளை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நானும் ஒரே வகுப்பு. புத்தகப் பையையும் விட்டிட்டுப் போனவள்." வடக்கு முஸ்லிம்களையெல்லாம் புலிகள் வெளியேற்றிய அந்த வருடம், நானும் ஏறத்தாழ அந்த வயதில்தான் மன்னாரிலிருந்து வாப்பாவின் தோளில் படகேறினேன். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைக் கதைக்கவில்லை. அன்று அவர் சாப்பிட்ட கோப்பையை நான் கழுவினேன், அவர் என் கோப்பையைக் கழுவினார்.

பிறகு வந்த மாதங்கள் அவருக்குக் கொடியவை. யாரும் ஏசவில்லை, அடிக்கவில்லை. பார்க்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அவர் போய் நின்றால் கதை நின்றுவிடும். கடைக்காரர் மிச்சக் காசை மேசையில் வைப்பார், கையில் கொடுக்கமாட்டார். "அந்த வேலைய விடு" என்று எனக்கும் புத்தி சொன்னார்கள். நான் விடவில்லை, விட்டால் அந்த வீட்டில் எனக்கும் பேச யாருமில்லை. ஒருமுறை, தமிழ் இந்துக்களின் ஊரான உடப்புக்குக் கோயில் திருவிழாவுக்கென்று வெளிக்கிட்டுப் போனவர், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். "அங்கையும் ஒருத்தரையும் தெரியாதே," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடல் அடங்கியிருந்த ஒரு காலை, எங்கள் வாசல் படலையில் யாரோ தட்டினார்கள். போய்ப் பார்த்தால் சம்மாட்டி, இடுப்பில் கட்டிய சாரம் நனைந்து சொட்ட நின்றார். "தங்கச்சி, மிஸ்ஸக் கூப்புடுங்க. வலையில புள்ளிச் சுறா ஒண்டு அம்புட்டிருக்கு. உசிரோடதான் கெடக்கு. நாங்க கொல்லல்ல எண்டத அவ வந்து கண்ணால பாக்கட்டும்."

நாங்கள் ஓடினோம். வலையின் மடி, மீன் சேரும் அந்தப் பை, கரைக்குக் கிட்ட வந்துவிட்டிருந்தது. அதற்குள் ஒரு வள்ளத்தின் நீளத்துக்கு, ஆளைக் கடிக்காத அந்தத் திமிங்கிலச் சுறா, கருநீல முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகளோடு, மெல்ல வாலை அசைத்துக்கொண்டு கிடந்தது. மிஸ் போட்டிருந்த உடுப்போடேயே மார்பளவு தண்ணீரில் இறங்கினார். "வலையை வெட்ட வேணும், நானா," என்றார், நாங்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்லால்.

"புது மடி, மிஸ்."

"தெரியும்."

சம்மாட்டி தன் ஆட்களைப் பார்த்தார். பிறகு இடுப்புக் கத்தியை எடுத்துத் தானே இறங்கி வெட்டினார். மிஸ்ஸுக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது. இந்தச் சுறாவின் செவுளுக்குப் பின்னால், இடப் பக்கத்தில் உள்ள புள்ளிகள் நம் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறு. அதைப் படம் எடுத்தால் அந்தத் தனி ஒன்றை உலகத்தில் எங்கு கண்டாலும் அடையாளம் சொல்லலாம். அதைக் கேட்ட சம்மாட்டி, "புடிங்கடா கயித்த!" என்று கத்தினார். மிஸ் மூச்சைப் பிடித்து மூழ்கிப் படம் எடுத்து எழும்பும்வரை அத்தனை பேரும் கயிற்றை அசையாமல் பிடித்திருந்தார்கள். பிறகு விட்டார்கள். அது அவசரப்படவில்லை. கிழிந்த வலையைத் தாண்டி ஆழத்துக்குப் போனது.

"ஆணா, பொண்ணா?" என்று சம்மாட்டி கேட்டார்.

"பொம்பிளைப் பிள்ளை. இன்னும் வளர இருக்கு."

"அப்ப தாய் தேடுமே."

"இதுகளின்ரை தாய் தேடாது, நானா. பிறந்த நாளிலையிருந்து தனியத்தான்."

அவர் கொஞ்ச நேரம் மிஸ்ஸையே பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, நடுங்கிக்கொண்டு நின்றார் மிஸ். "வீட்ட வாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்," என்றார் சம்மாட்டி.

அவருடைய மனைவி வீட்டில் போடும் தன் நீளச் சோட்டியொன்றைக் கொடுத்து மிஸ்ஸை உடை மாற்றவைத்தார். மிஸ்ஸின் உடம்புக்கு அது இரண்டு மடங்கு பெரிது. பாணும் மீன் குழம்பும் வந்தன. மிஸ் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டபோதெல்லாம் ஓம் என்றார். தம்பியின் கதையை யாரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்ல முடியாது. சில சாக்குகள் விலகின, சில கடைசிவரை விலகவில்லை. ஆய்வு முடிந்ததும் மிஸ் மேற்படிப்புக்கு வெளிநாடு போனார். முதலில் கிழமைக்கொருமுறை கதைத்தோம். பிறகு பெருநாளுக்கு மட்டும், பிறகு அதுவுமில்லை. என் கணவர் திரும்பி வந்தார். அவர் வாங்கி வரும் சுறாத் துண்டைக் கையில் வைத்து, இது எந்தச் சுறாவாக இருக்கும் என்று நான் யோசிப்பேன். அவருக்கு அது விளங்காது. அவர் இல்லாத வருடங்கள் அவருக்கு எப்படி விளங்கும்?

போன நோன்பில் ஒரு நாள் தெரியாத இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. மிஸ். எங்கோ குளிரான ஊரில், உலகக் கடல்களிலிருந்து வரும் சுறாப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையாம். ஒரு அறை, ஒரு கணினி. "ஆக்கள் எப்படி, மிஸ்?" என்று கேட்டேன்.

"நல்ல ஆக்கள். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்." பிறகு, "கற்பிட்டியிலை என்னை மறிச்சு ஏச அந்தச் சம்மாட்டியாவது இருந்தவர்," என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. அதனால் ஏசத் தொடங்கினேன். இத்தனை வருடம் எங்கே போனீங்க, இருக்கிறீங்களா மௌத்தாப் போனீங்களா எண்டாவது ஒரு சொல் சொல்லத் தெரியாதா, நீங்களும் ஒரு மனுசியா என்று, அடுப்படியிலிருந்து என் கணவர் எட்டிப் பார்க்கும்வரை சத்தம் போட்டேன். மூச்சு வாங்க நிறுத்தினேன். மறுபக்கம் சத்தமே இல்லை, வைத்துவிட்டாரோ என்று பயந்தேன்.

"நிப்பாட்டாதைங்கோ," என்றார் மிஸ். "இன்னும் ஏசுங்கோ."