கல் போட்டவர்

ஆறுமுகநேரி மந்திரமூர்த்தி முப்பது வருடமாகக் கான்கிரீட் போடுகிறவர். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி என்று அவர் போடாதது இல்லை. கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், உப்புக் காற்று கம்பியைத் தின்னும் என்பது மட்டும்தான். நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் குமட்டும். கடலுக்கடியில் இருநூற்று நாற்பது கற்கள் தன்னுடையவை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மீன் குறைந்துபோன கரையில் அரசு செயற்கைப் பார் அமைத்தது. பார் என்றால் இங்கே மதுக்கடை அல்ல, கடலடிப் பாறைத் திட்டு. அந்தக் காலத்தில் முத்துச்சிப்பி ஒட்டிக் கிடந்தது அதில்தான். இன்றும் மீன் அண்டுவது அதில்தான். கடவுள் கொடுத்த பார் போதவில்லை என்று, ஓட்டை ஓட்டையாகக் கான்கிரீட் கற்கள் வார்த்துக் கடலில் இறக்குகிறார்கள். அவற்றைத் தூத்துக்குடித் துறைமுகச் சாலையோரம் ஒரு காலி மனையில் வார்த்தவர் மந்திரமூர்த்தி. வாழ்நாளில் முதல்முறையாக, ஒழுகினாலும் யாரும் குறை சொல்லாத வேலை.

ஆறு மாதத்தில் மீன் வந்து சேரும் என்றார் பொறியாளர். மந்திரமூர்த்தி நம்பவில்லை. ஆனால் நம்பாதவனுக்குத்தான் நேரில் பார்க்கும் ஆசை அதிகம். முங்கிப் பார்க்க முடியாது. தூண்டில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஒரு தூண்டில் ராடு வாங்கிக்கொண்டு, ஆலந்தலைக்கு அந்தப் பக்கம் இருந்த மீனவ ஊருக்குப் போனார்.

கடற்கரையில் ஊர்க் கமிட்டியின் பலகை நின்றது: ‘பாருக்குக் கல் போட்டவர்கள் மட்டுமே அங்கே தூண்டில் போடலாம்.’

காரில் ராடு ஏந்தி வரும் நகரத்து ஆட்களை நிறுத்தத்தான் அந்தப் பலகை. அரசு இறக்கிய கற்களுக்கு மேல் ஊரார் வீட்டுக்கொரு கல் போட்டிருந்தார்கள். அதைச் சொன்னது பலகை. மந்திரமூர்த்தி அதை இரண்டு முறை படித்தார். தனக்கென்றே எழுதியதாகத் தோன்றியது. நேரே கமிட்டித் தலைவர் மச்சாதுவிடம் போய், “கல்லு போட்டது நாந்தான்” என்றார்.

“எப்ப வே போட்டீரு? ஒம்ம நான் படகுல பாத்ததே இல்லியே.”

“படகுல இல்ல அண்ணாச்சி. தூத்துக்குடியில போட்டேன். இருநூத்தி நாப்பது.”

“அது தரையில போட்டது. நாங்க தண்ணியில போட்டோம்.”

“தரையில போடாம தண்ணியில எதைப் போடுவிய?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சாது சிரிக்கவில்லை. ‘போடு’ என்ற சொல்லுக்குள் வார்ப்பதும் எறிவதும் ஒன்றாகக் கிடப்பது பலகை எழுதியவரின் குற்றமில்லை, தமிழின் குணம். பலகையை எழுதியவர் மச்சாதுதான். அவரால் அதை மாற்றவும் முடியாது. மாற்றினால் தப்பாக எழுதினார் என்றாகிவிடும்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. மந்திரமூர்த்தி தன் கையால் ஒரு கல்லைத் தண்ணீரிலும் போட வேண்டும். போட்டால் ஊர்க்காரர் மாதிரி. எல்லா உரிமையும் உண்டு, எல்லாக் கட்டுப்பாடும் உண்டு.

மந்திரமூர்த்தி மூன்று ஓட்டையுள்ள ஒரு கல்லைக் கலவை கூட்டிச் செய்தார். சுதந்திர தினத்தன்று அந்த ஊர் மீனவன் இனிகோவின் படகில் போய், இரண்டு முறை வாந்தி எடுத்து, கல்லைப் போட்டார்.

“வார ஞாயித்துக்கிழமை தூண்டிலோட வாரேன்” என்றார் கரையேறியதும்.

இனிகோ அவரை வினோதமாகப் பார்த்தான். “ஞாயித்துக்கிழம ஊர்ல ஒருத்தரும் கடலுக்குப் போகக் கூடாது அண்ணாச்சி. பூசை நாளு. நீரும் இப்ப ஊருதானே.”

அவருக்கு வாரத்தில் ஓய்வு அந்த ஒரு நாள். வெளியாளாகவே இருந்திருந்தால், கடலும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. உள்ளாளாக ஆனதில் கட்டுப்பாடு மட்டும் உடனே கிடைத்தது.

வேறு வழி தேடினார். காயல்பட்டினத்தில் ஹாமிது என்பவர் மாடி கட்டிக்கொண்டிருந்தார். அங்கே வெள்ளிக்கிழமை வேலை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை உண்டு. கூலி சற்றுக் குறைவு. மந்திரமூர்த்தி அங்கே மாறிக்கொண்டார்.

வீட்டில் மனைவி சந்தனமாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று மட்டும் சொன்னாள்.

“வெள்ளிக்கிழம மீன் இந்த வாசப்படி ஏறாது. நீங்க பிடிச்சாலும் சரி, அதுவா நடந்து வந்தாலும் சரி.”

“பிரிட்ஜில வச்சுச் சனிக்கிழம…”

“பிரிட்ஜும் இந்த வீட்டுக்குள்ளதான இருக்கு.”

முதல் வெள்ளிக்கிழமை வழக்கமான வாந்திக்குப் பிறகு ராடு வளைந்தது. இனிகோ பொறுமையிழந்து, “மெதுவா இழும், கம்பி கட்டுத மாதிரி இழுக்காதேயும்” என்றான். மேலே வந்தது ஒன்றரைக் கிலோ களவா மீன்.

மந்திரமூர்த்தி அதை இரண்டு கையாலும் பிடித்து, தலையையும் வாலையும் திருப்பிப் பார்த்தார்.

“இது என் கல்லுல இருந்ததுதானா? வேற எங்கயும் இருந்து வந்ததா?”

“ஆதார் கார்டு கேட்டுப் பாரும்.”

அவர் கேட்கவில்லை. கொக்கியைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டார். மேல்நாட்டுப் பணக்காரர்கள் கடலின் நலம் கருதிச் செய்வதாகச் சொல்லும் காரியத்தை, ஆறுமுகநேரிக் கொத்தனார் சந்தனமாரியின் நலம் கருதிச் செய்தார். அன்று இன்னும் இரண்டு மீன் வந்தன, அவையும் போயின.

செய்தி இனிகோவின் மனைவி அல்போன்சா வழியாக ஊரெங்கும் பரவியது. நகரத்தான் வந்தால் மீனெல்லாம் அள்ளிப் போவான் என்று பயந்திருந்த ஊர், இவர் ஒன்றையும் எடுக்காததில் கொதித்துப்போனது.

“எடுத்தாத் தப்புன்னு போர்டு வச்சோம். எடுக்காம விடுதவன என்ன செய்ய?” என்று மச்சாது கமிட்டியைக் கேட்டார்.

அல்போன்சா கமிட்டியில் இல்லை. அதனால் அவளிடம் பதில் இருந்தது. “வெள்ளிக்கிழம எங்களுக்கு இறைச்சி ஆகாது, மீன்தான். அவரு வீட்டுல மீன் ஆகாது. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

அப்படியே தீர்மானமாயிற்று. மந்திரமூர்த்தி பிடிப்பது இனிகோவின் பெட்டிக்குப் போகும். அவர் ஒத்துக்கொண்டார். பெட்டியை மூடும் முன் ஒவ்வொரு மீனையும் ஒரு நிமிடம் தன் கையில் தர வேண்டும் என்று மட்டும் கேட்டார். இனிகோ தருகிறான்.