சாமி மரியாதையாகப் பேசிய நாள்

கோயில் செயலாளர் சந்திரன் பொய் எழுதியிருக்கிறார்.

தெரியாமல் எழுதவில்லை. தெரிந்தே எழுதியிருக்கிறார். போன மாதம் பாக்கார் ஆராங்கில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, என் வீட்டு டீயைக் குடித்து, நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். அப்புறம் போய் நேர் எதிராக எழுதிவிட்டார்.

விஷயம் இதுதான். புக்கிட் செலம்பாவ் பக்கம், நான் பிறந்து வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டில், கும்பாபிஷேகம் வருகிறது. கோயிலுக்குப் பின்னால் கோணிச்சாமியின் சமாதி இருக்கிறது. அதற்கும் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதில் சாமியின் வரலாறு. போட்டோஸ்டாட் எடுத்து எனக்கு ஒரு பிரதி அனுப்பினார்கள். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி — 'சுவாமிகளின் திருவாயிலிருந்து ஒரு கடுஞ்சொல்லும் வந்ததில்லை.'

வந்ததில்லையா? அந்த வாயிலிருந்து வேறு என்னய்யா வந்தது?

உடனே போன் போட்டேன்.

"ஏன்டா சந்திரா, சாமி கெட்ட வார்த்தையே பேசலையா?"

"மாமா, அதெல்லாம் எழுத முடியாது லா. நம்ம தொகுதி வை.பி. வராரு. ஸ்கூல் பிள்ளைங்க படிக்கும்."

"அப்ப பேசினாருன்னு உனக்குத் தெரியும்?"

"தெரியும் மாமா... ஆனா அவரு மகான். மகான் அப்படிப் பேசினாருன்னு போட்டா ஜனங்க என்ன நினைக்கும்?"

செத்த பிறகு மகான்களுக்கு நாம்தான் வாய் கழுவி விடுகிறோம். உயிரோடு இருக்கும்போது செய்து பார்த்திருக்க வேண்டும். கோணிச்சாமி கையைக் கடித்திருப்பார்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். எனக்கு இருபது வயது. துரை ஓடிப்போயிருந்தான். அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான். துணி இல்லை, கோணிதான். சாமி மட்டும் சண்டைக்கு முன்னாலேயே கோணி கட்டியவர். எஸ்டேட்டே கோணி கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்குத் தாங்க முடியாத சிரிப்பு.

"எல்லா நாயும் என் உடுப்பைப் போட்டுக்கிச்சுடா! ஒரு நாய்க்காவது யோக்கியதை இருக்கா?"

இதுதான் அவர் பேச்சு. இது சாதாரண நாள் பேச்சு. விசேஷ நாள் பேச்சை இந்தப் பத்திரிகை ஆசிரியர் அச்சில் போட மாட்டார். எழுதிக் கொடுத்துப் பார்த்தேன், புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பினார். பக்கம் முழுக்கப் புள்ளி. கோலம் போடலாம்.

நாங்கள் கோபித்துக்கொண்டோமா? இல்லை. வரிசையில் நின்றோம்!

எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. பிள்ளையில்லாத ஒருத்தியை 'போடி மூதேவி' என்றாராம், அடுத்த வருஷம் பிள்ளை பிறந்ததாம். புருஷனுக்கும் அதில் பங்கு உண்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து சாமி திட்டினால் நல்லது. கல்யாணமா, காய்ச்சலா, போய் நாலு திட்டு வாங்கி வருவோம். அதற்குத் தரவரிசை கூட உண்டு. 'நாய்' என்றால் சின்ன அருள். 'எருமை' நடுத்தரம். அம்மாவையும் அக்காளையும் இழுத்தால் — பூரண அருள்!

என் சிநேகிதன் முனியாண்டிக்கு மட்டும் தினமும் ஒரே திட்டு. "பேதியில போற பன்னி."

"இன்னைக்கு எனக்கு ரெண்டு தடவ விழுந்துச்சுடா" என்று பால் வாளியோடு ஓடிவந்து சொல்வான். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

இந்த முனியாண்டிதான் செயலாளர் சந்திரனின் அப்பா.

ஒரே ஒருவரிடம் சாமி மரியாதையாகப் பேசியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெரிய கங்காணி படுத்த படுக்கையாக இருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "போயிட்டு வாங்க ஐயா" என்றார். மறுநாள் காலை கங்காணி இல்லை. மனுஷன் எப்படியும் சாகத்தான் கிடந்தார். அதை யார் யோசித்தார்கள்? சாமி 'வாங்க, போங்க' என்றால் ஆள் காலி. எஸ்டேட் முடிவு கட்டிவிட்டது.

அப்புறம்தான் லாரி வந்தது.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். மூன்று மாதம் வேலை, மூன்று வேளையும் அரிசிச் சோறு. அந்த ஆரம்ப நாட்களில் பிடித்து இழுத்துப் போகவில்லை, ஆசை காட்டித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு 'சயாம்' காதில் விழவில்லை. 'சோறு' விழுந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற இடத்திலிருந்தே பதினேழு பேர் லாரியில் ஏறினோம். நானும் முனியாண்டியும் பக்கத்தில் பக்கத்தில். டிரைவரோடு முன்னால் ஒரு ஜப்பான் சிப்பாய்.

சாமி ஓடிவந்தார். சுங்கைப் பட்டாணி ஸ்டேஷன் பக்கம் திரிகிறவர் அவர். வடக்கே ஆளை அடைத்துக்கொண்டு போன ரயில்களைப் பார்த்திருந்தார். ஆளோடு திரும்பிய ரயிலைப் பார்க்கவில்லை. ஞானதிருஷ்டி என்று மலரில் போட்டிருக்கிறார்கள். திருஷ்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. கண் இருந்தது, பார்த்தார்.

"எறங்குங்கடா நாய்களா! செத்துப் போவீங்கடா! எலும்பு கூட வராதுடா, எருமைங்களா!"

லாரியில் ஒரே சந்தோஷம்!

"பொறப்படுற நேரத்துல சாமி வாக்கு விழுந்துடுச்சு" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். சாமி எங்கள் அம்மாக்களை இழுத்தார். பூரண அருள்! கன்னத்தில் போட்டுக்கொண்டோம். சாமி கல்லை எடுத்து எறிந்தார். முனியாண்டி அதைப் பொறுக்கி, நெற்றியில் ஒற்றி, இடுப்பில் செருகிக்கொண்டான்.

"சாமி, எனக்கு இன்னும் விழலை சாமி! வழக்கமானது!"

சாமி நிறுத்திவிட்டார்.

எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். வருஷக் கணக்காகத் திட்டித் திட்டி, கடைசியில் உண்மையாகத் திட்ட அவரிடம் ஒரு வார்த்தை கூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் நாங்கள் அருளாக வாங்கித் தீர்த்திருந்தோம்.

டிரைவர் எஞ்சினைப் போட்டார். சாமி லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கையை எடுத்துக் கும்பிட்டார். எங்களை!

"ஐயா முனியாண்டி அவங்களே... தயவு பண்ணி எறங்கிடுங்க. ஐயாமாரே, உங்களையெல்லாம் கையெடுத்துக் கேட்டுக்கிறேன். போகாதீங்க."

லாரியில் கும்பிட்ட கைகள் எல்லாம் இறங்கின.

முனியாண்டியின் முகம் சாம்பல் நிறமானது. "டேய்... என்னை 'அவங்களே'ன்னு சொல்லிட்டாருடா" என்றான். அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகை மேல் ஏறிக் குதித்தான். ரப்பர் மரங்களுக்குள் ஓடினான். இத்தனை வருஷம் சாமி கொடுத்த வாக்கு அன்றைக்குத்தான் பலித்தது. கோணி தாங்கவில்லை. ஓடிய வழி முழுக்க அடையாளம் இருந்தது.

பயம் ஒட்டிக்கொள்ளும். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நான் குதித்தேன். ஒருவர் பின் ஒருவராகப் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். எல்லோர் கையும் வயிற்றில்.

சிப்பாய் துப்பாக்கியோடு இறங்கினான். தரையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். "கொரேரா! கொரேரா!" என்று கத்திக்கொண்டே மூக்கைப் பொத்திக்கொண்டு முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான். ஊரெல்லாம் காலராவில் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. லாரி பறந்தது.

அடுத்த முறை அவர்கள் ஆசை காட்டவில்லை, ஆளைப் பிடித்தார்கள். ஆனால் அதற்குள் விஷயம் தெரிந்து, காட்டுக்குள் பதுங்கப் பழகிவிட்டோம்.

பதினேழு பேர் ஏறினோம் என்றேன். இறங்கியது பதினாறு.

இறங்காதவர் பெயர் அய்யாவு. செர்டாங் பக்கமிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து பத்து நாள்தான். சாமியின் வாய் அவருக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு முதலில் விழுந்த திட்டை, எங்களைப் பார்த்து அவரும் அருள் என்றே கும்பிட்டார். அப்புறம் சாமி கும்பிட்டுக் கெஞ்சியதையும் கேட்டார். பாசத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். பெண்டாட்டியும் அப்படித்தானே சொல்லியிருப்பாள்?

"எவ்வளவு தன்மையான சாமி! மூணு மாசத்துல வந்துடுறேன் சாமி" என்றார். நாங்கள் ஓடுவதைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே லாரியில் போனார்.

வரவில்லை. எலும்பும் வரவில்லை.

சந்திரா, இதைத்தான் உனக்கு டீயோடு சேர்த்துச் சொன்னேன். சாமி கெட்ட வார்த்தை பேசியவர் என்பதால்தான் அந்த ஒரு நல்ல வார்த்தை எங்களை இறக்கியது. அந்த வாயை நீ கழுவிவிட்டால், நாங்கள் ஏன் குதித்தோம்? உன் மலரில் இருக்கிற சாமியைப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அய்யாவுதான். கும்பிட்டுவிட்டு லாரியிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

சாட்சி கேட்டாய். சனிக்கிழமை பஸ் பிடித்து உன் வீட்டுக்கே வந்தேன். உன் அப்பன் முனியாண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுடா, சாமி உன்னை என்னன்னு கூப்பிடுவாரு?"

உன்னைப் பார்த்தான். உன் கையிலிருந்த மலரைப் பார்த்தான். பேரன் பேத்திகளைப் பார்த்தான்.

"ஞாபகம் இல்லப்பா" என்றான்.

பன்னி! ஞாபகம் இல்லையாம்! இடுப்பில் செருகிய அந்தக் கல் இன்னும் அவன் வீட்டு சாமி மேடையில் இருக்கிறது, தினமும் விபூதி பூசுகிறான். என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கும்பாபிஷேகத்தன்று மேடை இருக்கும், மைக் இருக்கும், வை.பி. இருப்பார். டேய் முனியாண்டி, நான் முதல் வரிசையில் இருப்பேன். சாமி தினமும் உன்னை என்ன சொல்லித் திட்டினார், அன்று ஏன் குதித்தாய், அய்யாவு ஏன் குதிக்கவில்லை — மூன்றுக்கும் ஊர் முன்னால் பதில் வேண்டும்.

முனியாண்டி அவர்களே, தயவு செய்து சொல்லுங்கள்... மரியாதையாகக் கேட்கிறேன்.